ஏழாம் எண் சீட்டு

அத்தியாயம் 14

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ரோபாத்தியின் தலையில் இடது பக்கத்தை மழித்தார்கள். கண்ணாடி கொடுக்கட்டுமா என்று நர்ஸ் கேட்டதற்கு, முப்பது வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துச் சலித்தவள் வெளியே உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் காட்டு என்றார்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். ரோபாத்திக்கு ஐம்பத்திரண்டு வயது. வாரத்தில் ஐந்து நாள் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். சனி, ஞாயிறு வந்துவிட்டால் மவுண்ட் ட்ரூயிட் பக்கம் குடியேறிய சமோவாத் தீவுக்காரர்களுக்கு அவர் ரோபாத்தி இல்லை, சவலேயோ. அது குடும்பப் பட்டம். பட்டம் உள்ளவர்தான் குடும்பத்துக்காகச் சபையில் பேசுவார். கல்யாணமோ சாவோ, கையில் கோலும் தோளில் கயிற்றுச் சாமரமுமாக அவர் எழுந்து நின்றால், குழந்தைகள்கூடச் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கும்.

மார்ச் மாதம் ஒரு சாவு வீட்டில் பேச்சின் நடுவே வாய் கோணிக் கீழே விழுந்தார். ஸ்கேன் எடுத்ததில், இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே மூளையில் கட்டி.

டாக்டர் கீன் பசப்பாமல் பேசுகிற பெண்மணி. முழுதும் எடுத்தால் பத்து வருஷத்துக்கு மேல் இருப்பீர்கள், மிச்சம் வைத்தால் மூன்றோ நான்கோ, ஆனால் கட்டி பேச்சு இருக்கிற இடத்தை ஒட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மனைவி திரேசா அங்கேயே முடிவு சொன்னாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள், பேச்சில்லாமல் உயிரோடு இருக்கிறவர்களைத் தினமும் குளிப்பாட்டுகிறவள் அவள்.

"எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர். பேசலன்னா வீடு கொஞ்சம் நிம்மதியா இருக்கும்."

ரோபாத்தி சிரிக்கவில்லை. "சபைப் பேச்சு போச்சுன்னா எனக்கு மூணு வருஷமும் வேண்டாம். அது இருக்கற எடத்துல கத்தி படக்கூடாது. எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தார்கள். ரோபாத்தியின் மூளைக்கென்று தனியாக ஒரு வரைபடம் போட ஆரம்பித்தார்கள். ஒருத்தர் மூளை மாதிரி இன்னொருத்தர் மூளை இருக்காதாம். ஸ்கேன் குழாய்க்குள் படுக்க வைத்துப் பேசச் சொல்லி, எந்தெந்த இடம் விழிக்கிறது என்று பார்த்தார்கள். அறுவையின் நடுவே அவரை விழிக்க வைத்துப் பேசச் சொல்வார்களாம், அதற்கான பாடத்தை அதை வைத்துத் தயாரித்தார்கள். ஆங்கிலத்துக்குப் படங்கள், வீட்டுச் சமோவா மொழிக்குப் படங்கள். சபைப் பேச்சுக்கு மட்டும் வரிகள். முதல் பாதியை ஒருவர் சொன்னால், மறு பாதியை ரோபாத்தி முடிக்க வேண்டும்.

அந்த வரிகளில்தான் சிக்கல் வந்தது. ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளர் யோக்கியமான மனுஷன். வீட்டு மொழி தெரியும், சபையில் பேசுகிற தலைவர்களின் மொழி எனக்கு வராது என்று ஒதுங்கிக்கொண்டார். குடும்பத்தில் ரோபாத்தியைத் தவிர அது முழுதாகத் தெரிந்தவர் இன்னும் ஒரே ஒருவர்தான். ரோபாத்தியின் அக்கா அலைசா. வரிகளை அவள் எழுதிக் கொடுத்தாள். மூன்று வாரம் கடிதம் போய் வந்து, பச்சை அங்கியும் தொப்பியும் போட்டு அறுவை அறைக்குள் அவள் உட்காரலாம் என்று அனுமதி வந்தது.

அலைசாவின் கணவர் லஃபாயேலே செத்த அன்று நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அவளும் மறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், நானூறு பேர் எதிரில், லஃபாயேலேயின் குடும்பத்தைப் போற்றிச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வரியை ரோபாத்தி சொல்லாமல் தாண்டிப் போனார். மச்சான் வேறு தேவாலயத்துக்கு மாறிவிட்டார் என்ற கோபம். லஃபாயேலேயின் ஆட்கள் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து போனார்கள். கேட்டபோது, மறந்துவிட்டேன் அக்கா என்று சிரித்தார். பதினெட்டுத் தலைமுறைப் பெயரைத் தூக்கத்தில் சொல்கிறவர் அவர். அக்காவுக்கு மரியாதை, அக்கா புருஷனுக்கு அவமானம், இரண்டையும் ஒரே நாக்கால் செய்யத் தெரிந்த ஆள்.

அக்காவுக்கான மரியாதையில் மட்டும் அவர் இம்மி குறைத்ததில்லை. அந்தக் குடும்பத்தில் அக்கா சபை மொழியில் வாயெடுத்தால், தம்பி கண்ணைத் தாழ்த்திக்கொள்வான். அவள் முடித்துவிட்டு, சவலேயோ என்று கூப்பிட்டு, 'இனி உன் பேச்சு' என்று விடை கொடுக்க வேண்டும். அதுவரை அவன் அந்த மொழியில் ஒரு சொல் பேசமாட்டான். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். பட்டம் தம்பிக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அக்காவுக்குக் கொடுத்த சமாதானம் இது என்று நான் நினைப்பேன். வெளியே சொன்னதில்லை.

ஒத்திகை நடந்த மூன்று வாரமும் வரிகளைச் சொன்னவள் பிப்பா. பேச்சுப் பரிசோதனை செய்கிற பெண், நியூகாசில் ஊர்க்காரி. நல்ல மனசு, மோசமான உச்சரிப்பு. அலைசா பின்னால் உட்கார்ந்து திருத்தம் மட்டும் சொன்னாள். அதனால் விடை கொடுக்கிற பேச்சே எழவில்லை. பாடத்தாளிலும் அது இல்லை. யாருக்கும் அது தோன்றவில்லை, அலைசாவுக்கும்தான்.

காலை ஒன்பதரைக்கு மண்டையைத் திறந்து ரோபாத்தியை எழுப்பினார்கள். முகத்தின் ஒரு பக்கம் துணி மறைத்திருந்தது. மறு பக்கத்தில் பிப்பாவும் அலைசாவும். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் கீன் மெல்லிய மின்சாரக் கருவியால் மூளையை இடம் இடமாகத் தொட்டார். தொடும்போது பேச்சு நின்றால் அங்கே எண் போட்ட ஒரு குட்டிச் சீட்டு வைப்பார். சீட்டு இருக்கிற இடத்துக்குக் கத்தி போகாது.

பிப்பா படங்களைக் காட்டினாள். எல்லாம் அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்தவை. சேப்பங்கிழங்கு என்றார். தேவாலய பஸ் என்றார். ஃபோர்க்லிஃப்ட் வந்தபோது நாக்கு நின்றது. ஒன்றாம் எண் சீட்டு விழுந்தது. அடுத்தது திரேசாவின் படம்.

"இது யாரு?"

"என் பொண்டாட்டி. கோவமா இருக்கா."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பத்து மணிக்குள் ஆறு சீட்டுகள் விழுந்தன. பதினொரு மணிக்குள் கட்டியின் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது. பின்பக்க ஓரம்தான் பாக்கி, கட்டை விரல் நுனி அளவு. சபைப் பேச்சு அங்கேதான் இருக்கலாம் என்று வரைபடம் சந்தேகப்பட்டது. இருக்கும் என்று சொல்லவில்லை, இருக்கலாம் என்றுதான் சொன்னது.

பிப்பா சபை வரியின் முதல் பாதியைச் சொன்னாள். ரோபாத்திக்குக் கண் சொருகியது. திரும்பச் சொன்னாள். என்ன சொல்லுது இந்தப் பொண்ணு என்று அவர் முனகினார். உச்சரிப்பு தன் குற்றம்தான் என்று பிப்பாவுக்குத் தெரியும். அலைசா பக்கம் திரும்பி, நீங்களே சொல்லிவிடுங்களேன் என்றாள்.

டாக்டர் கருவியை அங்கே வைக்க, அலைசா நிமிர்ந்து உட்கார்ந்து வரியைச் சொன்னாள். அப்பா இறந்த பிறகு சபைக் குரலில் அவள் வாய் திறந்தது அன்றுதான். பச்சைத் தொப்பிக்குக் கீழே இருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டு, எதுவும் புரியாத மயக்க டாக்டர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

ரோபாத்தி கண்களைத் தாழ்த்தினார். வாயை மூடிக்கொண்டார்.

"நின்னுடுச்சா?" என்று திரைக்குப் பின்னால் இருந்து கேட்டார் டாக்டர்.

"நின்னுடுச்சு" என்றாள் பிப்பா.

அந்த முதல் தடவைக்கு நான் அலைசாவைக் குற்றம் சொல்லமாட்டேன். தன் குரலைத் தானே கேட்டு அவள் மெய்மறந்திருந்தாள். விடை கொடுக்க மறந்துவிட்டாள்.

கருவியை எடுத்ததும் பிப்பா ஒரு படத்தைக் காட்டினாள். பஸ் என்று உடனே சொன்னார் ரோபாத்தி. மறுபடி அதே இடம், மறுபடி அக்காவின் வரி, மறுபடி மௌனம். இந்தத் தடவை அலைசாவுக்கு விளங்கிவிட்டது. தம்பிக்குப் பேச்சு போகவில்லை. மண்டை திறந்து கிடக்க, வெள்ளைக்காரர்கள் நடுவில், ஒரு பக்கம் மழித்த தலையோடு அவன் அவளுக்கு மரியாதை செய்துகொண்டிருக்கிறான். மூன்று சொல் சொன்னால் போதும், மீதி வரி அருவியாகக் கொட்டும்.

அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அந்த மௌனத்தை இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது அவளுக்கு. நினைக்கும்போதே ருசித்தது.

மூன்றாவது தடவையும் அவள் சொல்லவில்லை.

டாக்டர் கீன் கருவியைக் கீழே வைத்தார். மின்சாரம் இல்லாமல் ஒரு தடவை அதே வரியைச் சொல்லிப் பார்க்கத்தான் அவருக்கு ஆசை. அதற்குள் மானிட்டரில் அதிர்வு தெரிகிறது, வலிப்பு வரப் பார்க்கிறது, உடனே தூங்க வைத்தாக வேண்டும் என்றார் மயக்க டாக்டர். டாக்டர் கீன் திரைக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அலைசா, எனக்கு உங்க பழக்கவழக்கம் தெரியாது. நீங்கதான் சொல்லணும். அவரால பேச முடியலயா, இல்ல பேசாம இருக்காரா?"

ரோபாத்தியின் கண்கள் இன்னும் தாழ்ந்தே இருந்தன. அவை விழித்துத்தான் இருந்தன.

அலைசாவுக்கு நினைவு வந்தது சாவு வீட்டுப் பந்தல். யாரும் தொடாமல் கிடந்த இருபது மேஜைச் சாப்பாடு, அதன் மேல் மொய்த்த ஈக்கள். அவற்றை அவளேதான் விரட்டிக்கொண்டு நின்றாள். இன்னொரு பயமும் கூடவே வந்ததை நான் மறைக்கக்கூடாது. பேசாமல் இருக்கிறான் என்று அவள் சொல்லி, அங்கே வெட்டி, நிஜமாகவே பேச்சு போய்விட்டால், சாகிற வரைக்கும் பழி அவள் தலையில்தான். இந்தப் பயத்தைத்தான் பின்னால் அவள் பிரார்த்தனையில் சொல்லிக்கொள்வாள். முதலில் வந்தது பந்தல்தான்.

"முடியல டாக்டர்."

"நிச்சயமாவா?"

"முயற்சி பண்றான். வரல."

ஏழாம் எண் சீட்டு விழுந்தது. ரோபாத்தியைத் தூங்க வைத்து மண்டையை மூடினார்கள்.

பன்னிரண்டரை மணிக்குத் திரேசா நடைக்கூடத்தில் டாக்டரைப் பார்த்தாள். தேங்காய்ப்பால் பன் ஒரு டப்பா நிறைய மடியில் இருந்தது. காலையிலிருந்து ஒன்றுகூடக் குறையவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, பேச்சு காப்பாற்றப்பட்டது, ஏழாம் எண்ணுக்குப் பின்னால் ஒரு துண்டை மட்டும் வாக்குக் கொடுத்தபடி விட்டுவிட்டோம் என்றார் டாக்டர்.

அப்படியானால் மூன்று வருஷமா, நான்கா என்று கேட்டாள் திரேசா. ஒருவரைக் குளிப்பாட்டி முடித்து அடுத்தவர் யார் என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள். அந்த இடத்தைப் பற்றிப் புதிதாக ஏதாவது தெரியவந்தால் வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி திறக்கலாம், அதற்குப் பிறகு தழும்பு கட்டிவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

திரேசா பக்கத்தில் இருந்த அலைசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க உள்ள இருந்ததே பெரிய விஷயம். இல்லன்னா அந்தப் பேச்சையும் சேத்து வெட்டிப் போட்டிருப்பாங்க."

அலைசா கையை விடுவித்துக்கொண்டு ஒரு பன்னை எடுத்துக் கடித்தாள். காலையிலிருந்து பட்டினி. முழுதும் சாப்பிட்டு முடித்தாள்.

மூன்று மணிக்கு அவளைத்தான் முதலில் உள்ளே விட்டார்கள். திரேசா மகள்களுக்குப் போன் செய்யக் கீழே போயிருந்தாள். ரோபாத்தி தலைக்கட்டோடு கிடந்தார். ஒரு கண் வீங்கிப் பாதி மூடியிருந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வந்தன. வந்தவை தெளிவாக வந்தன.

"நல்லா சொன்னீங்க அக்கா. அப்பா சொன்ன மாதிரியே இருந்துச்சு."

"தூங்கு ரோபாத்தி."

"டாக்டர் கேட்டதும் கேட்டுச்சு. நீங்க சொன்னதும் கேட்டுச்சு."

அலைசா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மயக்கத்தில் இருந்திருப்பான் என்று நினைத்திருந்தாள். நினைக்க விரும்பியிருந்தாள்.

"அப்ப ஏன்டா வாயைத் திறக்கல? இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"வெளி ஆளுங்க முன்னாடி அக்கா ஒண்ணு சொல்லியாச்சு. அத மறுத்தா நான் என்ன சவலேயோ?"

"உசிருடா அது. உன் உசிரு."

"அது உங்களுக்கும் தெரியும்ல."

சொல்லிவிட்டு, மறந்துவிட்டேன் அக்கா என்று சொன்ன அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பை, அசைய முடிந்த பாதி உதட்டால் சிரித்தார். இந்த மனுஷனுக்காக இத்தனை அத்தியாயம் நான் பரிந்து பேசியிருக்கிறேன். இன்றைக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கே வெறுப்பாக இருந்தது. உண்மையை அவரே டாக்டரிடம் சொல்லலாம். சொல்லமாட்டார். மூன்று வருஷமோ நான்கோ செத்துக்கொண்டே அக்காவின் சொல்லைக் காப்பாற்றுவார். ஒவ்வொரு ஞாயிறும் அவள் அவரை எதிரில் வைத்துப் பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அலைசா முணுமுணுத்தாள். சொல்லுங்களேன், யார் தடுத்தது என்றார் அவர். அவள் நகரவில்லை.

கதவு திறந்தது. பிப்பா தாளும் பேனாவுமாக வந்தாள். பின்னாலேயே திரேசாவும் வந்தாள். படுத்திருந்தவரின் தலைமாட்டில் குனிந்து ஒரு பன்னை வைத்து, தின்னக்கூடாதாம், மோந்து பாத்துக்கோ என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. வாய் வழக்கம் போலத்தான் இருந்தது.

பிப்பா பத்து நிமிஷச் சோதனைதான் என்றாள். படங்களைக் காட்டினாள். கிழங்கு, பஸ், ஃபோர்க்லிஃப்ட், எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது. கடைசியாகத் தாளைத் திருப்பினாள்.

"அலைசா, காலைல சொன்ன அந்த வரிய இன்னொரு தடவ சொல்லுங்களேன். அந்தப் பேச்சு பத்திரமா இருக்கான்னு குறிச்சுக்கிட்டுப் போயிடறேன். டாக்டர் கேட்டாங்க."

அலைசா தம்பியைப் பார்த்தாள். அவர் தலையணையில் தலையை நேராக்கிக்கொண்டு காத்திருந்தார்.

அவள் வரியைச் சொன்னாள். காலையில் இருந்த நிமிர்வு குரலில் இல்லை. ஆனாலும் சொல் ஒன்றும் பிசகவில்லை.

ரோபாத்தி கண்களைத் தாழ்த்தினார். வாயை மூடிக்கொண்டார்.

பிப்பாவின் முகம் வாடியது. இப்போது தலையில் கருவி இல்லை, மின்சாரம் இல்லை. அப்படியானால் வெட்டியதிலேயே ஏதோ போய்விட்டது. பேனா தாளின் மேல் நின்றது. காலைலயும் இதே மாதிரிதான் நின்னுச்சு என்று திரேசாவிடம் வருத்தத்தோடு சொன்னாள்.

"இதே மாதிரியா?"

"ஆமா. கண்ணு கீழ போயிடும். உதடு மூடிக்கும். மூணு தடவையும்."

திரேசா காலையில் அந்த அறைக்குள் இருந்தவள் இல்லை. ஆனால் முப்பது வருஷம் அந்தக் குடும்பத்துச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவள். அந்தக் கண்ணைத் தெரியும். அந்த வாயைத் தெரியும். அதற்குப் பின்னால் வர வேண்டிய மூன்று சொல்லையும் தெரியும். அதைத் தன்னால் சொல்ல முடியாது, அக்கா ஒருத்திதான் சொல்லலாம் என்பதும் தெரியும். டப்பாவின் மூடியை மெதுவாக மூடினாள். டாக்டர் சொன்ன வெள்ளிக்கிழமை அவளுக்கு நினைவு வந்தது.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணி, அவருக்கு விடை குடுங்க."

என்ன சொன்னீர்கள் என்று பிப்பா பேனாவைத் தூக்கினாள். திரேசா அலைசாவையே பார்த்தாள். அலைசா வாயைத் திறந்தாள், மூடினாள். கட்டிலில் ரோபாத்தி கண் தாழ்த்தியபடி, அக்காவின் சொல்லுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்.